வலமிருந்து இடமாக

ஜாரோ, இலோய்லோ
9 செப்டம்பர் 1997

எலிசியோ,

கப்பல் கம்பெனியின் மணிலா முகவரிக்கு இதை அனுப்புகிறேன். அவர்கள் எந்தத் துறைமுகத்துக்குத் திருப்பிவிடுவார்கள், எப்போது உன் கைக்கு வரும், தெரியாது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். ஆறிய பிறகு படிப்பாய். அதுவும் நல்லதுதான்.

ஒரே ஒரு கேள்வி. அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எந்த வரியில் நாம் பிரிகிறோம் என்று நீயே பார்த்துக்கொள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு. துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வுப் போட்டி. செபுவுக்குப் போகிற பெண்கள் அணியில் இரண்டு இடம். ஏழு சுற்றுகளில் ஆறு முடிந்தபோது ஸ்டெல்லா முதல், நான் இரண்டாவது. மூன்றாவது பெண் வெகு தூரம் பின்னால். ஏழாவது சுற்றில் ஆள் பற்றாமல், சுடுகிறவரைக் கண்காணித்துத் தீர்ப்புச் சொல்கிற ரேஞ்ச் ஆபீசராக உன்னைப் போட்டார்கள். டைமரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தவன் நீ.

பீப் அடித்தது. வலது கதவு வழியாக நான்கு இலக்கு அட்டைகள், இரண்டு இரும்புத் தட்டுகள் சுட்டேன். எல்லாம் சரி. பிறகு இடது மூலைக்கு ஓட்டம். ஓடிக்கொண்டே துப்பாக்கி மேகசீனை மாற்றினேன். வலக்கைக்காரர்கள் எல்லோரும் பயப்படுகிற திசை அது. உடம்பு இடப்பக்கம் திரும்பும். கை கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டால் குழல் முனை பின்னால் நிற்கிறவர்களைப் பார்க்கும். பார்த்தால் அதோடு போட்டி முடிந்தது.

"நிறுத்து!"

நின்றேன்.

"காலி பண்ணு. காட்டு. உறைல போடு." எல்லோரிடமும் சொல்கிற அதே குரல். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "குழல் பின்னால திரும்பிடுச்சு, மேடம்."

மேடம்.

நீக்கப்பட்டவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது, கடைசிவரை இருந்து அட்டைகளில் ஓட்டை அடைக்க வேண்டும் என்பது நம் கிளப் வழக்கம். அடைத்தேன். ஸ்டெல்லா சுட்ட ஓட்டைகள். எனக்குப் பதிலாகப் போகப்போகிற பெண் சுட்ட ஓட்டைகள். கடைசியில் முழுப் பன்றி வறுத்து வைத்திருந்தார்கள். நான் சாப்பிடவில்லை. நீ சாப்பிட்டாய்.

இரண்டு நாள் கழித்துக் கப்பலுக்குப் போய்விட்டாய். அந்த இரண்டு நாளில் நாம் பேசியவை: உப்பு, சாவி, மணிலா படகு எத்தனை மணிக்கு.

என் கேள்வி இதுதான். ஆபீசர் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றாய், என் வலது தோளுக்குப் பின்னால். ஆனால் நான் ஓடியது இடப்பக்கம். உனக்கும் என் கைக்கும் நடுவில் என் முதுகு இருந்தது.

நீ என்ன பார்த்தாய்?

நெனித்தா


நியூகாஸல், ஆஸ்திரேலியா
14 அக்டோபர் 1997

பங்கா, என் செல்லமே,

உன் கடிதம் இங்கே நங்கூரத்தில் வந்து சேர்ந்தது. நிலக்கரி ஏற்றும் வரிசையில் எங்களுக்கு முன்னால் பதினொரு கப்பல்கள். எஞ்சின் நின்றுவிட்டது. எஞ்சின் அறையில் வேலை நிற்கவில்லை. ஒரு பம்பைக் கழற்றினோம், மாட்டினோம், திரும்பக் கழற்றினோம். முதுகுவலி அப்படியே இருக்கிறது. இங்கே குளிர் முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு முடியவில்லை.

கேட்டாய், சொல்கிறேன். விதி என்றால் விதி. மனைவி, தம்பி, மேயர் என்று ஆள் பார்த்தால் அது விதி இல்லை. பாதுகாப்பு விஷயத்தில் ஆபீசருக்கு யோசிக்க நேரம் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு நீயே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அன்றைக்கு ஆறாவது சுற்று முடிந்து நீ தள்ளி உட்கார்ந்து மேகசீனில் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தாய். ஒப்பந்தக்காரன் பிம்போ எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டான்:

"ஏன்யா எலிசியோ, அடுத்த சுற்றுல டைமர் உன் கையிலதானே? பொண்டாட்டிக்கு ரெண்டு செகண்டு குறைச்சுப் போடு. ராத்திரி நல்ல சோறு கிடைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது.

இங்கே சமையல்காரர் டிமோட்டியோவிடம் நடந்ததைச் சொன்னேன். என் நண்பனுக்கு நடந்ததாக.

"கட்டினவளையே வெளிய அனுப்பினானா? யாருய்யா அந்த மடையன்?" என்றார். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சாப்பிடு" என்று மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தார்.

அடுத்த வருடமும் தேர்வு வரும். நீ என்னைவிட நன்றாகச் சுடுகிறாய், எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு போட்டிதானே, போனால் போகட்டும்.

எலிசியோ


ஜாரோ
2 டிசம்பர் 1997

எலிசியோ,

பம்பு இருக்கிறது, குளிர் இருக்கிறது, பிம்போ இருக்கிறான், மீன் தலைகூட இருக்கிறது. நீ பார்த்தது மட்டும் இல்லை.

ஒரு போட்டிதானே என்கிறாய். நான் இதில் எப்படி வந்தேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ லீவில் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சுடுதளத்துக்குப் போய்விடும். உன்னோடு இருக்க வேண்டுமென்றால் நானும் வர வேண்டும். வந்தேன். தண்ணீர் தூக்கினேன், அட்டையில் ஓட்டை அடைத்தேன். ஒருநாள் கிளப் தலைவர், நம் பல் டாக்டர் ஹபெலானா, "சும்மா நிக்கறதுக்கு வகுப்புல உட்காரலாமே, பல்லா பிடுங்கப்போறேன்?" என்றார். இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு. நிற்பது, எடுப்பது, விசைக்கு வெளியே விரலை நீட்டி வைப்பது. அந்த விரல்தான் கஷ்டம். பொருளைப் பிடித்தால் விரல் தானாக மடங்கும். மடங்காமல் இருக்க அதைப் பழக்க வேண்டும்.

முதல் போட்டியில் மற்றவர்கள் இருபது நொடியில் முடித்த சுற்றை நான் எழுபத்தொரு நொடியில் முடித்தேன். மேகசீனைத் தலைகீழாகச் செருகப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பாதிரியாருக்கும் பின்னால், கடைசி இடம். யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் மட்டும் வந்து கை கொடுத்தார். "மூணு வருஷமா அந்த இடம் என்னோடதுதான். நல்லா பார்த்துக்கோம்மா" என்றார்.

நீ கப்பலேறிய பிறகும் போனேன். அதுதான் உனக்குப் புரியாதது. தினம் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியோடு சுவர்க் காலண்டருக்கு முன்னால். உறையிலிருந்து எடு, பார், அழுத்து. திரும்ப. நாள் முழுக்க ஆய்வகத்தில் ஒற்றைக் கண்ணால் யாருடைய ரத்தத்தையோ எண்ணிவிட்டு வருகிறேன். வீட்டில் உன் அம்மாவின் சர்க்கரை, உன் தங்கையின் பரீட்சை. பீப் அடித்ததிலிருந்து கடைசிக் குண்டு வரை இருபது நொடி. அந்த இருபது நொடியில் எனக்கு யாரும் இல்லை. நீகூட இல்லை. அது ஒரு பெரிய ஓய்வு, எலிசியோ.

அதற்குள்தான் நீ கத்தினாய்.

அணி செபுவுக்குப் போய்விட்டு வந்துவிட்டது. ஸ்டெல்லா ஐந்தாவது. உலர்ந்த மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் எனக்கு வாய்ச்சிருந்தா, மேடம்னு சொன்ன அன்னைக்கே அவர் பெட்டியை ரோட்டுல வெச்சிருப்பேன்."

"அவர் பெட்டி எப்பவும் ரோட்டுலதான் இருக்கு, ஸ்டெல்லா" என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்தது. மாம்பழத்தைப் பிரித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பின்முற்றத்தில், தண்ணீர் டிரம்மிலிருந்து துணிக்கொடி வரை, அதே ஓட்டத்தைக் காலித் துப்பாக்கியோடு ஓடிப் பார்த்தேன். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, உன் தங்கையைக் கோட்டின் முனையில் உட்காரவைத்து, குழல் கோட்டைத் தாண்டினால் கை தூக்கச் சொன்னேன். இருபது தடவை ஓடினேன்.

ஏழு தடவை தூக்கினாள்.

அன்றைக்கு அது ஏழில் ஒன்றா, பதிமூன்றில் ஒன்றா? எனக்குத் தெரியவில்லை. என் கைதான், ஆனாலும் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நீ. அதனால்தான் கேட்கிறேன்.

நெனித்தா


கோபே
20 ஜனவரி 1998

நெனித்தா,

கிறிஸ்துமஸ் கடலில் போயிற்று. உன் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டுவிட்டது.

முழங்கையைப் பார்த்தேன்.

அவ்வளவுதான். உன் வலது முழங்கை வெளியே வந்தது. அப்படி வந்தால் குழல் பெரும்பாலும் பின்னால் போயிருக்கும். பெரும்பாலும். குழலை நான் பார்க்கவில்லை. மதிப்பெண் எழுத வந்தவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வேறு யாரும் பார்க்கவில்லை.

நிச்சயமில்லை என்றால் சுடுகிறவர் பக்கம் விட்டுவிட வேண்டும். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது அதைத்தான். பிம்போவாக இருந்தால் விட்டிருப்பேன். ஸ்டெல்லாவாக இருந்தால் விட்டிருப்பேன். நீயாக இருந்ததால் விடவில்லை. கண் பார்ப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

பிம்போ சொன்னதால்தான் என்பதுபோல உனக்கு எழுதினேன். அது பாதி. மீதியையும் எழுதிவிடுகிறேன். பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறேன். சுடுதளத்தில் இறங்கினால் யார் யாரோ உன்னிடம் ஓடி வருகிறார்கள். "நெனித்தா மேடம், இந்தச் சுற்றை எப்படி ஓடலாம்?" என்னைக் காட்டி ஒரு புதுப் பையன் இன்னொருவனிடம் சொன்னான்: "இவரா? இவர் மேடத்தோட வீட்டுக்காரர்." பதினைந்து வருடமாக நான் சுடுகிற இடம் அது. அன்றைக்கு நான் பேசாமல் இருந்தேன். ஏழாவது சுற்றில் பேசிவிட்டேன் போலிருக்கிறது.

இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். கிளப்புக்கு. நான் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது, உன் பெயருக்கு எதிரே எழுதியதை அடித்துவிட வேண்டும், என் ஆபீசர் அட்டையைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். பிம்போ சொன்னதையும் சேர்த்திருக்கிறேன். ஒட்டவில்லை. படித்துப் பார். சரியென்று பட்டால் டாக்டரிடம் கொடு.

எலிசியோ


ஜாரோ
12 மார்ச் 1998

எலிசியோ,

கொடுத்துவிட்டேன்.

தேர்தல் தடை ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஜூன் வரை துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே எடுக்கக் கூடாது. சுடுதளம் பூட்டியிருக்கிறது. குண்டைத் தாங்குகிற மண்மேட்டில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டதாம். யாரோ ஆடு மேய்க்கிறார்களாம். அதனால் டாக்டரின் பல் மருத்துவமனைக்கே போனேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து படுத்திருந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, நின்றபடியே படித்தார். இரண்டு தடவை.

"இதை எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார்.

"ஏன் டாக்டர்?"

"நான் படிக்கலைன்னு வெச்சுக்கறேன். இது கமிட்டிக்குப் போனா அவன் இனிமே டைமரைத் தொட முடியாது. ஊரே பேசும். பிம்போ ஒருத்தன் போதும். உனக்கும் இப்ப என்ன வரப்போகுது? செபு போட்டி முடிஞ்சாச்சு."

"அவர் எழுதினது. எடுத்துட்டுப் போக எனக்கு உரிமை இல்லை."

"நீ அவன் மனைவி."

"அதனாலதான் இவ்வளவும்" என்றேன்.

நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதத்தோடு நானும் ஒரு தாள் வைத்தேன். என் முற்றத்தில் இருபதுக்கு ஏழு தடவை குழல் கோட்டைத் தாண்டியது, ஆகவே அன்று தாண்டவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது என்று. டாக்டர் அதையும் படித்தார். "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையை உருட்டறீங்க" என்று மேசை இழுப்பறையில் போட்டார். தேர்தல் முடிந்து கமிட்டி கூடும்போது வாசிப்பாராம்.

முழங்கை என்று நீ எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். தூக்கம்தான் வந்தது. மதியம் மூன்று மணிக்குப் படுத்தவள் ஏழு மணிக்கு எழுந்தேன். உன் அம்மா காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நெனித்தா


நடுக்கடல். ரிச்சர்ட்ஸ் பேயில் தபாலில் சேர்க்கிறேன்
19 ஏப்ரல் 1998

நெனித்தா,

கொடுத்துவிட்டாயா?

இந்த ஒரு வரியோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். மேலே என்ன எழுதினாலும் பொய்யாக வருகிறது. ஆகவே நேராகவே எழுதுகிறேன். நீ கொடுக்க மாட்டாய் என்று நினைத்துத்தான் அந்த உறையை வைத்தேன். படிப்பாய், மனசு இளகும், அலமாரியில் துணிக்கடியில் வைத்துவிடுவாய். நான் எழுதியதாகவும் இருக்கும், யாருக்கும் தெரியாமலும் இருக்கும். இதை எழுதும்போதே கூசுகிறது.

அதற்காகத்தான் ஒட்டாமல் அனுப்பினேன். உன்னையே ஆபீசர் ஆக்கினேன்.

டிமோட்டியோவிடம் இந்தத் தடவை பெயரோடு சொன்னேன். "போன தடவையே தெரியும்" என்றார். "உன் நண்பனுக்கு உன் முதுகுவலியும் இருந்துதே." பிறகு, "அவ கொடுத்தது நல்லதுய்யா. நீயா இருந்தா கொடுத்திருக்க மாட்டே" என்றார். அன்றைக்கு எனக்கு மீன் தலை கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயம். ஜூலையில் என் ஒப்பந்தம் முடிகிறது. நவம்பர் வரை நீட்டிக்கிறாயா என்று கேப்டன் தாள் கொடுத்திருக்கிறார். மாற்று ஆள் கிடைக்கவில்லையாம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நவம்பருக்குள் கிளப்பில் பேச்சு அடங்கிவிடும். நீயும் கொஞ்சம் நிம்மதியாக இருப்பாய். அல்லது வரட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

நீ சொல்.

எலிசியோ


ஜாரோ
23 ஜூன் 1998

எலிசியோ,

தடை நீங்கிவிட்டது. கமிட்டி கூடியது. இரண்டு தாள்களையும் டாக்டர் சத்தமாக வாசித்தாராம். பிம்போ ஏதோ சொல்ல வாயெடுத்தானாம். "நீ சொன்னதும் இதுல இருக்கு, மறுபடி வாசிக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டாராம். உட்கார்ந்துவிட்டானாம். ஸ்டெல்லா வந்து நடித்தே காட்டினாள்.

முடிவு: ஒரு மணி நேரத்துக்குள் ஆட்சேபம் சொல்லாத தீர்ப்பை மாற்ற முடியாது. என் பெயருக்கு எதிரே எழுதியது அப்படியே இருக்கும். உன் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து நீ வேண்டுமானால் திரும்பப் பரீட்சை எழுதலாம். ஆக நம் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வாசித்தார்கள், அது போதும்.

நேற்று முன்தினம் முதல் போட்டி. ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆரம்பித்தோம். ஆறு மாதம் சுடாத கை. நான்காவது சுற்றில் அதே ஓட்டம், வலமிருந்து இடமாக. எனக்கு ஆபீசராக வந்தவன் பாசி நகரிலிருந்து வந்த ஓர் ஆசிரியன். என்னை முன்பின் தெரியாது.

பீப் அடித்தது. வலப்பக்கம் சுட்டு முடித்தேன். ஓடவில்லை. நின்றேன். குழலை நேரே மண்மேட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே மேகசீனை மாற்றினேன். பிறகு ஓடினேன். இரண்டு நொடிக்கு மேல் போயிற்று. பெண்களில் நான்காவது இடம்.

முடித்து உறையில் போட்டதும் அந்த ஆசிரியன் கேட்டான். "ஓடிக்கிட்டே மாற்றியிருக்கலாமே மேடம். கை பழகின ஆள் மாதிரி தெரியுது."

"பழகினதுதான். இன்னும் ஏழு தடவை தப்புது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. தலையாட்டினான்.

அந்தச் சுற்றில் முன்புபோல யாரும் இல்லாமல் இருக்க முடியவில்லை. என் வலது தோளுக்குப் பின்னால் நீ இருந்தாய். இனி அங்கே இருந்துகொண்டுதான் இருப்பாய் போலிருக்கிறது. அந்த இருபது நொடியை நான் திரும்பப் பிடிக்க வேண்டும். நாளாகும். அதற்குக் காரணம் நீ. ஆனால் பிடிக்க வேண்டியது நான். உன்னால் அதில் செய்ய ஒன்றுமில்லை. அதனால் அதைப் பற்றி இனி எழுதப் போவதில்லை.

கேப்டன் தாளுக்கு வருகிறேன். நீ சொல் என்று எழுதியிருக்கிறாய். நான் வா என்றால் எனக்காக வந்தவனாக இருப்பாய். வேண்டாம் என்றால் நான் தடுத்தவளாக இருப்பேன். இரண்டிலும் உன் வாய் திறக்காது. ஆகஸ்டில் திறந்த வாய் அது, எலிசியோ. இப்போதும் திறக்கட்டும். இந்தத் தடவை பார்த்துவிட்டுத் திறக்கட்டும்.

நான் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கோபத்தில் இல்லை. அது தீர்ந்துவிட்டது. களைப்பாக இருக்கிறேன், அவ்வளவுதான். களைத்தவளிடம் போய் தீர்ப்புக் கேட்காதே.

உனக்குத் தெரிய வேண்டியது இது மட்டும். ஆகஸ்ட் இரண்டாவது ஞாயிறு அடுத்த போட்டி. ஸ்டெல்லாவின் ஜீப் காலை ஆறரைக்கு நம் வாசலுக்கு வரும். நான் பெயர் கொடுத்துவிட்டேன். உன் பெயரைக் கொடுக்கவில்லை. நீ சுட வேண்டுமென்றால் நீயே டாக்டருக்கு எழுது. மேடத்தோட வீட்டுக்காரர் என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் உண்மைதானே.

உனக்காக வாசலில் காத்திருக்க மாட்டேன். ஆறரைக்குக் கிளம்பிவிடுவோம். ஜீப்பில் பின்சீட்டில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது.

நெனித்தா